உருண்டைகளுக்கு நடுவே இருக்கும் காற்று

நர்சரிகளில் இப்போது பழுப்பு நிறக் களிமண் உருண்டைகளைப் பையில் கட்டி விற்கிறார்கள். பட்டாணி அளவிலிருந்து சிறுநெல்லிக்காய் அளவு வரை கிடைக்கிறது. சிலர் 'களிமண் பால்' என்கிறார்கள், சிலர் 'லெக்கா' என்கிறார்கள், 'ஹைட்ரோடான்' என்று கேட்டு வாங்குபவர்களும் உண்டு. ஆர்க்கிட் வாங்க வந்தவரிடம் கடைக்காரர் கூடவே ஒரு பையையும் எடுத்து நீட்டுவார். வாங்குபவர் முதலில் கேட்பது பெரும்பாலும், "இதுல என்ன சத்து இருக்கு?" என்பதுதான்.

ஒரு சத்தும் இல்லை. தண்ணீரையாவது நிறையப் பிடித்து வைக்குமா என்றால் அதுவும் இல்லை. ஒரு லிட்டர் தென்னை நார்க்கழிவு அரை லிட்டருக்கு மேல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் களிமண் உருண்டையோ ஒரு நாள் முழுக்க ஊறினாலும் தன் உடம்புக்குள் நூறு மில்லி நீரை ஏற்றாலே அதிகம். சத்தும் இல்லாமல், நீரும் அதிகம் பிடிக்காமல் இருக்கும் ஒரு பொருளை மண்ணைவிடப் பல மடங்கு விலை கொடுத்து எதற்காக வாங்குகிறோம்? இது விளங்கினால் எந்த உருண்டையை, எந்த அளவில் வாங்குவது என்பதும், எப்போது வாங்காமலே இருப்பது என்பதும் பிடிபட்டுவிடும்.

பிளஸ் ஒன் தாவரவியல் படித்தவர்களுக்கு வாண்டா நினைவிருக்கும். தொற்று வேருக்கு எடுத்துக்காட்டாகப் பாடத்தில் வருவது அந்த ஆர்க்கிட்தான். கூடவே வெலாமன் திசு என்ற பெயரும் வரும். வெலாமன் என்பது வேரைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற உறை. அதன் செல்கள் முதிர்ந்ததும் இறந்துவிடும், வெறும் சுவர்கள் மட்டும் நிற்கும். அந்த வெற்றிடங்களில் காற்று நிறைந்திருக்கும்போது ஒளி சிதறுவதால் வேர் வெள்ளி நிறமாகத் தெரிகிறது. நீர் பட்டதும் உறை ஒளி ஊடுருவக்கூடியதாகி, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து விற்பதில் இந்த வசதி இருக்கிறது: வேர் வெளுத்திருந்தால் நீர் கேட்கிறது, பச்சையாக இருந்தால் இப்போதைக்கு வேண்டாம்.

ஜெர்மனியின் கெர்ஹார்ட் ட்ஸோட்ஸும் உவே விங்க்ளரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்த உறையின் வேலையை அளந்து காட்டியது. நீரை அது சில நொடிகளிலேயே உறிஞ்சிவிடுகிறது. ஆனால் இழக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நீரில் கரைந்து வரும் மின்னேற்றமுள்ள சத்துகளையும் பிடித்து நிறுத்திவிடுகிறது. காட்டு மரத்தின் கிளையில் தொற்றி வாழும் செடிக்கு இது பெரிய பலம். மழை தொடங்கியதும் பட்டையில் படிந்த தூசியையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு இறங்கும் முதல் நீரில்தான் சத்து அதிகம். அந்த நீர் வேரைத் தாண்டி ஓடுவதற்குள் பிடித்தாக வேண்டும். பிடித்த பிறகு வேர் மறுபடி காற்றில் உலர்கிறது. நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடக்கும் வாழ்க்கைக்கு ஏற்பப் பல லட்சம் ஆண்டுகளில் உருவான வேர் இது. அதைக் கொண்டுபோய் ஈரமண்ணில் புதைத்தால் உறை எப்போதும் நீரால் நிறைந்தே கிடக்கும். உள்ளே உயிரோடிருக்கும் செல்களுக்கு மூச்சு வராது.

வேரும் மூச்சு விடுகிறது. இலை ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை வெளியிடுகிறது என்று படித்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள்; மண்ணுக்குள் இருக்கும் வேர் ஆக்சிஜனை எடுத்துத்தான் சத்துகளை உள்ளே இழுக்க வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரிலோ, 30 டிகிரி வெப்பத்தில், ஏழரை மில்லிகிராம்தான். அதோடு ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகம் நீரில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம். வேரைச் சுற்றி நீர் தேங்கி நின்றால், அதிலிருக்கும் சிறிதளவு ஆக்சிஜனை வேர் சீக்கிரமே செலவழித்துவிடும். செலவானதை ஈடுகட்டப் புதிதாக வந்து சேராது. அதன்பின் பித்தியம் போன்ற நீர்ப்பூஞ்சைகளுக்குக் கொண்டாட்டம். அவற்றின் விதைத்துகள்கள் நீரில் நீந்திப் போகக்கூடியவை. மூச்சு முட்டிய வேர் அவற்றுக்குத் திறந்த வாசல்.

இங்கே நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரையாகக் குறைகிறது. அதே நேரத்தில், வெப்பம் 10 டிகிரி கூடினால் வேரின் மூச்சு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வரத்து குறையும்போது தேவை ஏறுகிறது. ஐரோப்பிய வீடுகளின் குளிர்ந்த அறைகளுக்காக எழுதப்பட்ட நீரூற்றும் முறைகளை அப்படியே சென்னையிலோ திருச்சியிலோ பின்பற்றினால் வேர் அழுகுவதற்கு இதுவே முதல் காரணம். வெப்ப நாட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவருக்கு வேரின் அருகில் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தலையாய வேலை. களிமண் உருண்டைக்கு நாம் கொடுக்கும் விலை அந்தக் காற்றுக்கான விலை.

அந்த உருண்டை முதலில் செடிக்காகப் பிறக்கவில்லை. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் செங்கல் சூளை நடத்திய ஸ்டீபன் ஹேட், சூடு மிகுந்துபோன கற்கள் உப்பி, வடிவம் கெட்டு, எடை குறைந்து வருவதைக் கவனித்தார். கழித்துப் போடும் பொருளாக இருந்ததை அவர் வேண்டுமென்றே செய்து பார்த்தார். சுழலும் உலையில் களிப்பாறையைச் சுட்டு இலேசான கல்லாக்கும் முறைக்கு 1918-இல் காப்புரிமை பெற்றார். அந்தக் கல்லைச் சேர்த்த கான்கிரீட்டில் கப்பலே கட்டினார்கள். 1919 ஜூனில் அலபாமாவின் மொபீல் துறையில் நீரில் இறக்கப்பட்ட 'செல்மா' என்ற எண்ணெய்க் கப்பல் இன்றும் டெக்சாஸின் கால்வெஸ்டன் விரிகுடாவில் பாதி மூழ்கிய நிலையில் நிற்கிறது. டென்மார்க்கில் 1939-இல் லெக்கா உற்பத்தி தொடங்கியதும் கட்டுமானத்துக்காகவே. மண்ணில்லா வேளாண்மை பரவிய பிறகுதான் தோட்டக்காரர்கள் இதைத் தேடி வந்தார்கள். அதற்கு முன் அவர்களிடம் இருந்தது சரளைக்கல். 1940-களின் நடுவில் அன்றைய டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்பாங்கில் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ் நடத்திய சோதனைகளும் பெரும்பாலும் சரளையையும் மணலையும் நம்பியவைதான். சரளை கனமானது, நீரை உள்ளே ஏற்காதது. உப்பிய களிமண் இந்த இரண்டு குறையையும் ஓரளவு தீர்த்தது.

உலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் கடையில் தரம் பார்ப்பது எளிது. 1,100 முதல் 1,200 டிகிரி வெப்பத்தில் களிமண் உருகிவிடாமல் பாகுபோல் இளகுகிறது. அதே சமயம் மண்ணிலிருக்கும் கரிமப் பொருளும் இரும்பு ஆக்சைடும் வினைபுரிந்து வாயுக்களை விடுகின்றன. இளகிய மண் அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து, நுரைத்து உப்புகிறது. வெளித்தோல் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சந்திப்பதால் இரும்பு செம்பழுப்பாகிறது. உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் கருஞ்சாம்பல் நிறமாகவே தங்கிவிடுகிறது. ஓர் உருண்டையைச் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். வெளியே பழுப்புத் தோல், உள்ளே கரிய தேன்கூட்டு நுரை என்று இருந்தால் சரியாக வெந்த சரக்கு. உள்ளும் புறமும் ஒரே செம்மண் நிறமாக, நுரையே இல்லாமல் கனத்துக் கிடந்தால் அது உப்பிய களிமண் அல்ல, மண்ணை உருட்டிச் சாதாரணச் சூளையில் சுட்டது. அதுவும் செடியைக் கொல்லாது. ஆனால் எடை கூடும். விரலால் நசுக்கினாலே தூளாகிறது என்றால் வேண்டாம்.

இந்தச் சூடு களிமண்ணின் குணத்தையே மாற்றிவிடுகிறது. பச்சைக் களிமண் கால்சியம், பொட்டாசியம் போன்ற சத்துகளைத் தன் தகடுகளின் மேல் பிடித்து வைத்து, வேர் கேட்கும்போது விட்டுக்கொடுக்கும். 500, 600 டிகிரியைத் தாண்டியதுமே அந்தத் தகடுகளின் கட்டமைப்பு குலைந்துவிடுகிறது. உருண்டையில் மண்ணின் அந்த வங்கி கிட்டத்தட்ட இருக்காது. போடும் உரம் நீரோடு இருக்கும் வரைதான் இருக்கும். இது குறை என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு கழுவினோம் என்பது முழுக்க நம் கையில் இருப்பது ஆர்க்கிட் போன்ற சன்னமான உணவு உண்ணும் செடிக்கு நல்லதுதான்.

இனி அளவு. இதில்தான் வாங்குபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒரு தொட்டியில் கொட்டிக் குலுக்கினால், தொட்டியின் கொள்ளளவில் 60 முதல் 64 விழுக்காட்டை உருண்டைகள் நிரப்பும். மீதி 36 முதல் 40 விழுக்காடு இடைவெளி. இந்த விகிதம் உருண்டையின் அளவைப் பொறுத்து மாறுவதில்லை. 4 மில்லிமீட்டர் உருண்டையானாலும் 16 மில்லிமீட்டர் உருண்டையானாலும் மொத்த இடைவெளி ஏறத்தாழ ஒன்றுதான். மாறுவது ஒவ்வொரு சந்தின் அகலம். சந்து குறுகினால் நீர் அதில் தொற்றிக்கொண்டு நிற்கும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் தானாக ஒன்றரை சென்டிமீட்டர் ஏறி நிற்கும். கால் மில்லிமீட்டர் ஆரமானால் ஆறு சென்டிமீட்டர் ஏறும். சிறிய உருண்டைகளின் நடுவே பாதிச் சந்துகளை நீர் பிடித்துக்கொள்ளும். பெரிய உருண்டைகளில் நீர் வடிந்து சந்துகளில் காற்று நிற்கும்.

சின்னதும் பெரியதும் கலந்து கிடந்தால் நிலைமை வேறு. பெரிய உருண்டைகளின் நடுவே இருக்கும் இடத்தைச் சின்னவை அடைத்துக்கொள்வதால் மொத்த இடைவெளியே சுருங்கிவிடுகிறது. ஆகவே பையை வாங்கும்போது நிறத்தையும் பளபளப்பையும் விட உருண்டைகள் ஒரே அளவில் இருக்கின்றனவா, அடியில் நொறுங்கலும் தூளும் எவ்வளவு என்று பார்ப்பது முக்கியம். வீட்டில் ஒரு சல்லடையில் சலித்துவிட்டே பயன்படுத்துங்கள். ஃபலனாப்சிஸ், கேட்லியா போன்ற தடித்த வேருள்ளவற்றுக்கு 8 முதல் 16 மில்லிமீட்டர் வரையிலான ரகம் பொருந்தும். ஆன்சிடியம், பேஃபியோபெடிலம் போன்ற மெல்லிய வேர் ஆர்க்கிட்டுகளுக்கும், பெப்பரோமியா போன்ற சிறு வீட்டுச் செடிகளுக்கும் 4 முதல் 8 மில்லிமீட்டர். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊரில் சந்தேகம் வந்தால் பெரிய அளவையே எடுங்கள். கோயம்புத்தூர், மதுரை போல வறண்ட காற்றுள்ள ஊரில் ஒரு படி சிறியதை எடுக்கலாம்.

மண் தொட்டியின் அடியில் 'வடிகாலுக்காக' இரண்டு அங்குலம் களிமண் உருண்டை பரப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது பயன் தராது. மண்ணின் நுண்ணிய துளைகளில் தொற்றி நிற்கும் நீர், கீழே பெரிய சந்துகள் இருப்பதாலேயே அங்கே இறங்கிவிடாது. மேலே இருக்கும் மண் முழுதும் ஊறி நிறைந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். ஆகவே தொட்டியின் அடியில் நிற்க வேண்டிய ஈரப்பட்டை இரண்டு அங்குலம் மேலே, வேருக்கு இன்னும் அருகில் வந்து நிற்கும். உருண்டைகளை மண்ணோடு கலப்பதாக இருந்தால் தாராளமாகக் கலக்க வேண்டும்; இல்லையென்றால் தனியாகப் பயன்படுத்த வேண்டும். அடியில் மட்டும் போடுவது பணத்துக்கும் வேருக்கும் நட்டம்.

அடுத்தது தண்ணீர். தமிழ்நாட்டில் களிமண் உருண்டையில் ஆர்க்கிட் வளர்ப்பதில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகின்றன. உருண்டையின் நுண்துளைகளும் அதன் மேல் படியும் நீர்ப்படலமும் அடியிலிருக்கும் நீரை மேலே ஏற்றுகின்றன. மேல் உருண்டைகளில் நீர் ஆவியாகிறது. அதிலிருந்த உப்பு அங்கேயே தங்குகிறது. கொஞ்ச நாளில் வெள்ளைப் பூச்சாகத் தெரிவது அதுதான். கணக்கு மிக எளிது. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டி நாளைக்கு 100 மில்லி நீரை இழந்தால், மாதத்துக்கு மூன்று கிராம் உப்பு அந்தத் தொட்டியில் சேர்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லையென்றால் 2,000 வரை அனுமதிக்கிறது. மழைநீரை மட்டுமே குடித்துப் பழகிய தொற்றுத் தாவரத்துக்கு இவை இரண்டுமே அதிகம். 200-க்குள் இருந்தால் நிம்மதி.

நகர வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் இயந்திரம் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் சேர்ந்திருக்கிறது. அதைக் கொண்டு தரை துடைக்கலாம், பாத்திரம் முதலில் அலசலாம். களிமண் உருண்டையில் இருக்கும் ஆர்க்கிட்டுக்கு ஊற்றக் கூடாது. ஆர்.ஓ.வின் நல்ல நீர், மழைநீர், ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் நீர் ஆகியவை ஏற்றவை. ஏ.சி. நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்தது என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டைமாடிக் குழாயின் நீரை நிலத்துக்கு அனுப்பும் முன் ஒரு டிரம்மில் பிடித்து, இறுக மூடி வைத்தால் பல வாரங்களுக்கு ஆர்க்கிட்டுகளுக்குப் போதும். முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் விட்டுவிடுங்கள்.

நல்ல நீர் ஊற்றினாலும் வாரம் ஒருமுறை தொட்டியை மேலிருந்து தாராளமாகக் கழுவ வேண்டும். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீர் உள்ளே புகுந்து வெளியே போகட்டும். கழுவி வடியும் நீர் இடைவெளிகளில் இருந்த பழைய காற்றைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றையும் பின்னாலேயே இழுத்து வருகிறது. செடிக்குக் 'கொஞ்சம் கொஞ்சமாக' நீர் தெளிப்பது உருண்டையைப் பொறுத்தவரை மிக மோசமான முறை; உப்பு வெளியேற வழியே இல்லாமல் போகும்.

புதிதாக வாங்கிய உருண்டையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கட்டுமானத்துக்காகச் செய்த சரக்கு தோட்டப் பையிலும் வந்து சேர்கிறது. அதில் சுண்ணாம்பும் கரையும் உப்பும் மிகுந்திருக்க வாய்ப்புண்டு. தூள் போகக் கழுவி, ஆர்.ஓ. நீரில் ஒரு நாள் ஊறவைத்து, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். பேனா போன்ற அந்தக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊறவைக்கும் முன் இருந்த அளவுக்கும் பின் இருக்கும் அளவுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் நீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள். ஆர்க்கிட் வளர்ப்பவர் பையின் மேலிருக்கும் கம்பெனிப் பெயரைவிட இந்த ஓர் அளவை நம்பலாம். ஊறும்போது பல உருண்டைகள் மிதக்கும். அது குறையல்ல, உள்ளே மூடிய துளைகளில் காற்று இருப்பதன் அடையாளம்.

உருண்டையில் செடி வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அடியிலும் பக்கத்திலும் துளையுள்ள தொட்டியில் வைத்து, ஊற்றும் நீரெல்லாம் வடிய விடுவது. மற்றது, அடித்துளை இல்லாமல், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பக்கவாட்டில் துளையிட்டு, அதற்குக் கீழே நீர் தேங்க விடுவது. தேங்கும் நீர் உருண்டைகள் வழியே மேலேறி வேரை அடையும். மேலை நாடுகளில் 'செமி ஹைட்ரோ' என்ற பெயரில் இரண்டாவது முறைக்கு ரசிகர்கள் அதிகம். வெப்பமூட்டிய அறையின் காய்ந்த காற்றில் அது பொருத்தமானதுதான். நம் கடலோர ஊர்களில் ஃபலனாப்சிஸுக்கு நான் முதல் முறையையே சொல்வேன். பால்கனியில் நீர் தேங்கினால் கொசுவும் வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம் வெப்பத்தில் ஏழெட்டு நாள் போதும். தேக்கி வைக்கும் முறையை விரும்புபவர்கள் வாரம் தவறாமல் பழைய நீரை முழுவதும் கொட்டி, அடித்தட்டின் ஓரங்களையும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டைகள் ஓரத்தில் ஒட்டியிருக்கும், நீர் வற்றினாலும் சாகாது. வாராந்திர உப்புக் கழுவலோடு இதையும் சேர்த்துச் செய்துவிடலாம்.

ஈர உருண்டையிலிருந்து நீர் ஆவியாகும்போது வேர்ப்பகுதி குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது போலத்தான் இதுவும். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கோடையில் மதுரையின் காய்ந்த காற்றில் இது வேருக்குப் பெரிய உதவி. காற்றிலேயே ஈரம் மிகுந்த சென்னையில் பலன் குறைவு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பனிக்காலத்தில் இதே குளிர்ச்சி கெடுதலாகிவிடும். அங்கே ஃபலனாப்சிஸ் வளர்ப்பவர்கள் காலையில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, இரவுக்குள் மேல் உருண்டைகள் உலர விடுவது நல்லது.

பாசியிலோ மரப்பட்டையிலோ இருக்கும் ஆர்க்கிட்டை உருண்டைக்கு மாற்றுவதற்குச் சரியான நேரம் ஒன்று இருக்கிறது. நெல்லின் வேர், நீர் நிற்கும் வயலில் தனக்குள்ளேயே காற்று வழிகளை அமைத்துக்கொள்கிறது. மணி பிளான்ட்டின் தண்டை நீரில் போட்டால் வரும் வேரும் மண்ணில் வரும் வேரும் ஒன்றாக இருப்பதில்லை. எந்தச் சூழலில் வேர் பிறக்கிறதோ அதற்கேற்பவே அது கட்டப்படுகிறது. கட்டி முடித்த பிறகு பெரிதாக மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே பழைய வேர்களை நம்பி இடம் மாற்றாமல், புது வேர்முனைகள் பச்சையாகவோ செம்மையாகவோ எட்டிப் பார்க்கும் சமயத்தில் மாற்றுங்கள். அவை உருண்டைகளின் நடுவே வளர்ந்து அந்தச் சூழலுக்கே பழகிவிடும். பழைய வேர்களில் சில சாகும், பதற வேண்டாம். வேரில் ஒட்டிய பாசித் துணுக்குகளை மட்டும் முழுதும் அகற்றுங்கள். உருண்டைகளின் நடுவே அழுகுவது பெரும்பாலும் அந்தத் துணுக்கில்தான் தொடங்குகிறது. பூத்திருக்கும்போது மாற்றவே கூடாது.

உரம் பற்றிச் சுருக்கமாக. கடைகளில் கிடைக்கும் நீரில் கரையும் 19:19:19 உரத்தில் நைட்ரஜனின் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. யூரியாவைச் செடிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் மண்ணில் ஏராளம். கழுவிய உருண்டையில் குறைவு. நைட்ரேட் மிகுந்த உரம் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் வேண்டாம். மழைநீர் போன்ற மென்னீர் மட்டும் பயன்படுத்துபவர்கள் கால்சியம் நைட்ரேட்டை வேறொரு நாளில் தனியாகக் கொடுக்க வேண்டும். பாஸ்பேட் உரத்தோடு அடர்த்தியாகக் கலந்தால் வெண்மையாகத் திரிந்து படிந்துவிடும்.

உருண்டை வாங்காமலும் ஆர்க்கிட் வளர்க்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுப்புக்கரி, செங்கல் துண்டு, ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றில் டென்ட்ரோபியம் வளர்த்து அறுவடை செய்பவர்கள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் காலங்காலமாக இருக்கிறார்கள். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிலால் நம் பக்கத்துப் பழைய வீடுகள் எங்கும் மங்களூர் ஓடு பரவியது. இடிக்கும் வீடுகளில் அது மலிவாகக் கிடைக்கிறது. ஓட்டுச் சில்லு உப்பிய களிமண்ணைவிட மிகக் கனம், ஆனால் நீரை நன்றாகவே உறிஞ்சும். தட்டையான சில்லுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து வழியை அடைத்துவிடும் என்பதால், கட்டைவிரல் நக அளவுக் கனமான துண்டுகளாக உடைத்து, கரியோடு கலந்து போட வேண்டும். சுண்ணாம்புக் காரை ஒட்டிய செங்கல்லைத் தவிர்த்துவிடுங்கள். தேங்காய் மட்டை மலிவு, மென்மை. ஆனால் அதில் சோடியம் உப்பு இருக்கும். பல முறை நீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். நம் வெப்பத்தில் அது சில ஆண்டுகளில் மக்கி நொய்யாகி, காற்றுச் சந்துகளை அடைத்துவிடும். மரப்பட்டைக்கும் அதே கதிதான். மக்காமல் பல ஆண்டுகள் ஒரே சந்து அகலத்தோடு இருப்பதுதான் சுட்ட களிமண்ணின் தனிச் சிறப்பு. ஓர் உருண்டையைச் சுட எரிபொருள் நிறையச் செலவாகிறது என்பதால், வாங்கினால் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் எண்ணத்தோடு வாங்குவதே முறை. மொட்டைமாடி நிறையத் தொட்டி வைத்து எடைக்கு அஞ்சுபவர்களுக்கும் உருண்டையே சரி: தோட்ட மண் லிட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டும், உலர்ந்த உருண்டை 300 முதல் 450 கிராம்.

வாண்டாவுக்கு எந்த ஊடகமும் வேண்டாம். அதைக் கூடையில் தொங்கவிட்டு வேர்களைக் காற்றில் விடுங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் பராமரிக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போனால், நம் மலைகளின் ஆர்க்கிட்டுகள் எவ்வளவு குறைவான பிடிமானத்தில் வாழ்கின்றன என்று நேரில் பார்க்கலாம். வீட்டுச் செடிகளில் மணி பிளான்ட், சிங்கோனியம், ஆந்தூரியம், அக்லோனிமா, பீஸ் லில்லி ஆகியவை உருண்டையில் சிறப்பாக வரும். இவற்றுக்கு நீர் தேக்கும் முறையும் ஒத்துப்போகும். துளசி, ரோஜா, கறிவேப்பிலை போன்றவற்றை மண்ணிலேயே விட்டுவிடுங்கள். வெயிலில் நிற்கும் அவற்றின் தாகத்துக்கும் பசிக்கும் உருண்டை ஈடுகொடுக்காது.

பழைய உருண்டைகளை மறுபடி பயன்படுத்தும் முன், ஒட்டிய வேர்த்துணுக்குகளை நீக்கி, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, ஆர்.ஓ. நீரில் ஒரு நாள் ஊறவைத்து மீட்டரால் அளந்து பாருங்கள். வெள்ளைப் பூச்சு போகாவிட்டால், வினிகர் சேர்த்த நீரில் ஊறவைத்துக் கழுவினால் சுண்ணாம்புப் படிவு கரையும். இரண்டு மூன்று முறை நீர் மாற்றிய பிறகும் அளவு இறங்கவில்லையென்றால் அந்த உருண்டைகளை ஆர்க்கிட்டுக்குத் தராமல், மாடியில் வெயிலில் நிற்கும் பெரிய தொட்டிகளின் மேல்மண்ணில் மூடாக்காகப் பரப்பிவிடலாம். அடுத்த மழைக்காலம் மீதி உப்பைக் கழுவிவிடும்.